நூலகத்துப் பூட்டின் சாவி யாரிடம்?

பூட்டுக்குப் பெயர் பெற்ற திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவன் நான். 2019ஆம் ஆண்டு எங்கள் ஊர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, உள்ளூர்வாசிகள் அனைவரையும் போல நானும் மகிழ்ந்தேன். என் அத்தா பூட்டு வாங்கப் போனால் எடையையும் விலையையும் பிறகுதான் கேட்பார். முதலில் கேட்பது, “சாவி எத்தனை?” என்பதையே. ஒன்று தம்மிடம், ஒன்று அம்மாவிடம், மூன்றாவது இருந்தால் நம்பிக்கையான அண்டை வீட்டாரிடம். பூட்டியவர் ஊரில் இல்லாத நேரத்திலும் உள்ளே இருப்பவருக்கு ஒரு தேவை வரக்கூடும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் ஒரு பூட்டைப் போட்டேன். அது இரும்புப் பூட்டு அன்று. இணையத்துக்குப் போட்ட பூட்டு.

எங்கள் மஹல்லாவில் பள்ளிவாசலை அடுத்து ஒரு சிறு படிப்பகம் உள்ளது. முன்பு அங்கே நாளிதழ்களும் மார்க்க நூல்களும் மட்டுமே இருந்தன. சில ஆண்டுகளுக்கு முன்னர், வெளிநாட்டில் பணிபுரியும் ஊர்ச் சகோதரர்கள் நான்கு கணினிகளை வாங்கிக் கொடுத்து இணைய இணைப்புக்கும் வழி செய்தனர். காலை முதல் லுஹர் வரை பெண்களுக்கு. அஸருக்குப் பின் ஆண்களுக்கு. கல்லூரியில் கலைப்பட்டம் பெற்றவன், மதரஸாவிலும் பாடம் நடத்துபவன் என்ற காரணத்தால் நிர்வாகக் குழுவினர் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். அவர்கள் ஒரே குரலில் கேட்டுக் கொண்டது ஒன்றுதான். “ஹஜ்ரத், பிள்ளைகள் கண்டதையும் பார்க்காதபடி செய்துவிடுங்கள்.”

அந்தக் கோரிக்கையில் தவறு காண எவராலும் இயலாது. நானும் தகப்பன்தான். ஆகவே இணைய வடிகட்டி என்று அழைக்கப்படும் மென்பொருளைக் கணினிகளில் பொருத்தினோம். அது இரண்டு விதமாக வேலை செய்யும். தயாரித்த நிறுவனம் உலகத்து இணையதளங்களை எல்லாம் வகைவகையாகப் பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; எந்த வகை வேண்டாம் என்று நாம் குறித்தால் அந்த வகை முழுவதும் மூடிக்கொள்ளும். அது போதாதென்றால் நாமே சொற்களைக் கொடுக்கலாம். அச்சொல் காணப்படும் பக்கம் திறக்காது. ஓர் இரவு இஷாவுக்குப் பின் அமர்ந்து 43 சொற்களை எழுதினேன். எழுதும்போது கை கூசியது; எழுதி முடித்தபோது நற்காரியம் ஒன்றைச் செய்துவிட்ட நிறைவு ஏற்பட்டது. தடுக்கப்பட்ட பக்கத்தில் என்ன வாசகம் தோன்ற வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. “ஆபாசத் தளம். அனுமதி இல்லை” என்று சிவப்பு நிறத்தில் பெரிய எழுத்துகளில் அமைத்தேன். கணினித் திரைகள் யாவும் அறையின் நடுப்பகுதியை நோக்கியே இருந்தன. எல்லோர் கண்ணிலும் பட்டால் அச்சம் இருக்கும் என்று அதையும் நானே சொல்லியிருந்தேன்.

சில மாதங்கள் கழித்து, அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தகப்பனார் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மகள் கல்லூரி மாணவி. படிப்பகத்தில் அவள் கெட்ட படம் பார்த்ததாகவும், சிவப்புத் திரையை இரு பெண்கள் கண்ணால் கண்டதாகவும் தெருவில் பேச்சு. மகளை அவர் படிப்பகத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். கல்லூரியையும் நிறுத்துவதா என்று வீட்டில் பேசிக் கொண்டிருந்தார்கள். “உண்மை என்னவென்று உங்களுக்குத்தான் தெரியும், ஹஜ்ரத்” என்றார்.

கணினியின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அவள் தேடிச் சென்றது ஒரு ஃபிக்ஹ் கேள்வி பதில் பக்கம். மாதவிடாய் நாட்கள் கடந்த பின்னரும் நீடிக்கும் உதிரப்போக்கின்போது தொழுகையின் நிலை என்ன என்பதே கேள்வி. அந்தப் பக்கத்தில் நான் கைப்பட எழுதிக் கொடுத்த சொற்களில் இரண்டு இருந்தன.

மதரஸாவில் ஃபிக்ஹ் பாடம் தொடங்குவது எங்கிருந்து என்பதை வாசகர்கள் அறிவீர்கள். தஹாரத் எனும் தூய்மைப் பாடம்தான் முதல் பாடம். பல நூற்றாண்டுகளாக நம் ஆலிம்கள் கூச்சமின்றி, கண்ணியத்தோடு, பெயர் சொல்லி விளக்கி வந்திருக்கும் செய்திகள் அவை. நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடத்தை என்னுடைய பூட்டே ஆபாசம் என்று அறிவித்திருந்தது. அதைவிடக் கொடிது பின்னர் தெரிய வந்தது. அப்பெண்ணுக்கு உடல்நிலைக் கோளாறு இருந்தது. வெட்கத்தால் வீட்டிலும் சொல்லாமல், மருத்துவரிடமும் போகாமல் பல வாரங்களைக் கடத்தியிருக்கிறாள். (அக்குடும்பத்தார் அனுமதித்த அளவுக்கே இங்கு எழுதுகிறேன், அடையாளம் காட்டக்கூடியவை எவற்றையும் எழுதவில்லை.)

“தெருவினரிடம் நான் விளக்கம் சொல்கிறேன்” என்றேன். தகப்பனார் தடுத்துவிட்டார். “வேண்டாம் ஹஜ்ரத். சொன்னால் இன்னும் இரண்டு மாதம் பேசுவார்கள்.”

அந்த நாளுக்குப் பிறகுதான் இந்தப் பூட்டைப் பற்றி உலகில் வேறு எவரேனும் சிந்தித்திருக்கிறார்களா என்று தேடத் தொடங்கினேன். சிந்தித்தது மட்டுமன்று, நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்காடியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

*அமெரிக்க நூலகங்களில் எழுந்த வழக்குகள்*

பொது நூலகத்து இணையத்தைப் பற்றிய வழக்குகள் மிகுதியாக நடந்த நாடு அமெரிக்காவே. 1990களின் பிற்பகுதியில் அந்நாட்டு நூலகங்களுக்குள் இணையம் நுழைந்தது. நுழைந்த சூட்டோடு சண்டையும் தொடங்கியது.

விர்ஜீனியா மாநிலத்து லௌடன் மாவட்ட நூலகக் குழு, 1997 அக்டோபரில் ஒரு விதியை நிறைவேற்றியது. நூலகத்தின் கணினிகள் அனைத்திலும், பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றி, வடிகட்டி பொருத்தப்பட்டது. அவ்வூர் மக்களில் சிலர் வழக்குத் தொடுத்தனர். குவேக்கர் எனும் கிறிஸ்தவப் பிரிவினரின் பக்கமும், பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பெண்களுடைய சங்கத்தின் மேரிலாந்து கிளைப் பக்கமும் அந்த வடிகட்டியால் தடுக்கப்பட்டதாக அவர்கள் எடுத்துக் காட்டினர். வழக்கை விசாரித்த நீதிபதி லியோனி பிரிங்கெமா, சட்டம் படிப்பதற்கு முன் நூலகவியலில் பட்டம் பெற்றவர் என்பது சுவையான செய்தி. 1998 நவம்பரில், அந்த விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அவர் தீர்ப்பளித்தார்.

இவ்வழக்கில் என் நெஞ்சைத் தொட்டது ஒரு சிறு விவரம். தடுக்கப்பட்ட பக்கம் ஒன்று தேவைப்பட்டால் அங்கே என்ன வழி? வாசகர் தம் பெயர், தொலைபேசி எண், எதற்காக அப்பக்கம் வேண்டும் என்ற காரணம் ஆகியவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும். நூலகர் பார்த்து முடிவு செய்வார். எப்போது முடிவு செய்வார் என்பதற்குக் கெடு எதுவுமில்லை. இதைப் படித்தபோது எங்கள் படிப்பகத்தை எண்ணிப் பார்த்தேன். திருமணமாகாத ஒரு பெண், உஸ்தாதாகிய என்னிடம் வந்து, தன் பெயரைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி, “இந்தப் பக்கத்தைத் திறந்து தாருங்கள்” என்று கேட்பாளா? சாவி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கேட்கவே முடியாத இடத்தில் அதை மாட்டி வைப்பதற்குப் பெயர் சாவி கொடுத்தல் அன்று.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியா மாநிலத்து லிவர்மோர் நகரில் ஒரு தாய் 1998இல் நகராட்சி மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய 12 வயது மகன் நூலகக் கணினியில் ஆபாசப் படங்களை இறக்கி, நெகிழ்வட்டில் எடுத்துச் சென்று, உறவினர் வீட்டில் அச்சிட்டிருந்தான். நூலகத்தை நம்பிப் பிள்ளையை அனுப்பிய தாயின் மனம் எப்படித் துடித்திருக்கும்! வடிகட்டி வைக்காதது நகராட்சியின் குற்றம் என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை, 2001இல் மேல்முறையீட்டிலும் அவருக்குத் தோல்வியே கிட்டியது. ஓர் ஊரில் பூட்டியதற்கு வழக்கு. மற்றோர் ஊரில் பூட்டாததற்கு வழக்கு. நூலகர்களின் பாடு எத்தகையதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2000 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டது. குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் என்ற ஒன்றை இயற்றி, இணைய வசதிக்காக மத்திய அரசின் குறிப்பிட்ட உதவித்தொகைகளைப் பெறும் நூலகங்கள் வடிகட்டி பொருத்தியே ஆக வேண்டும் என்றது. அமெரிக்க நூலகச் சங்கம் நீதிமன்றம் சென்றது. பிலடெல்ஃபியாவில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு சாட்சிகளை விரிவாக விசாரித்து, 2002 மே 31 அன்று அச்சட்டம் செல்லாது என்றது. வடிகட்டிகள் என்னென்னவற்றைத் தவறாகத் தடுத்தன என்று அத்தீர்ப்பில் ஒரு பட்டியலே உண்டு. ஹோண்டுராஸ் நாட்டில் இயங்கும் ஒரு கிறிஸ்தவ அநாதை இல்லம் அதில் இருக்கிறது. கனடாவில் மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதே நேரத்தில், தடுக்க வேண்டிய பல தளங்கள் தடையின்றித் திறந்தன. நிறுவனங்கள் தம் பட்டியலைத் தொழில் இரகசியம் என்று மூடி வைப்பதால், எது தடுக்கப்படுகிறது என்பதைப் பூட்டியவரும் அறியார் என்பதே இதில் முக்கியமான செய்தி. நானும் அறிந்திருக்கவில்லையே!

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2003 ஜூன் 23 அன்று, ஆறு நீதிபதிகள் சட்டத்தின் பக்கமும் மூவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். நூலகம் எந்தக் காலத்திலும் எல்லா நூல்களையும் வாங்கியதில்லை. தகுதியானவற்றைத் தெரிந்தெடுப்பது அதன் இயல்பான பணி. இணையத்திலும் அவ்வாறே செய்கிறது என்பது தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட்டின் கருத்து. நேர்மையான வாதம்தான். எங்கள் படிப்பகத்திலும் எல்லாப் பத்திரிகைகளையும் நாங்கள் வாங்குவதில்லை. ஆனால் எதிர்த்தீர்ப்பு எழுதிய நீதிபதி சௌட்டர் அதை மறுத்தார். வாங்காமல் விடுவது வேறு. கலைக்களஞ்சியத்தை வாங்கிவிட்டு, பிடிக்காத பக்கங்களைக் கத்தரித்து அலமாரியில் வைப்பது வேறு என்றார். இணையம் முழுவதாக வந்து சேரும் ஒன்று. அதில் தடுப்பது கத்தரிப்பதற்கே ஒப்பாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். இரு வாதங்களையும் பலமுறை எடைபோட்டுப் பார்த்தேன். மனம் சௌட்டர் பக்கமே சாய்கிறது.

ஆயினும் வென்ற தரப்பின் தீர்ப்பிலும் நமக்கு வேண்டியது உள்ளது. வயது வந்த வாசகர் கேட்ட மாத்திரத்தில் நூலகர் தடையை நீக்கித் தரலாம் என்ற உறுதிமொழியை அரசுத் தரப்பு அளித்ததே, சட்டம் நிலைத்ததற்கு முக்கியக் காரணமாயிற்று. அவ்வாறு நீக்கித் தர ஒரு நூலகம் தவறினால், அந்த நூலகத்தின் மீது தனியே வழக்குத் தொடரலாம் என்று நீதிபதி கென்னடி எழுதி வைத்தார். சாவி இருந்ததால்தான் பூட்டு நிலைத்தது என்று சொல்லலாம்.

சிறுபான்மைச் சமூகத்தினராகிய நாம் கவனிக்க வேண்டிய மற்றொரு வழக்கும் உண்டு. மிசௌரி மாநிலத்துச் சேலம் என்னும் சிற்றூர் நூலகத்தில் (ஆம், அங்கும் ஒரு சேலம்!) ஒரு பெண்மணி அமெரிக்கப் பழங்குடியினரின் சமய நம்பிக்கைகளைப் பற்றிப் படிக்க முயன்றார். வடிகட்டி அவற்றை மாந்திரீகம் என்று வகைப்படுத்தித் தடுத்தது. 2012இல் தொடுக்கப்பட்ட அவ்வழக்கு, 2013இல் அத்தகைய தடைகளை நீக்குவது என்ற உடன்பாட்டோடு முடிந்தது. எது சமயம், எது மாந்திரீகம் என்று பிரித்தவர் யார்? எங்கோ ஒரு நிறுவனத்தில் அமர்ந்து பட்டியல் தயாரித்த ஓர் ஊழியர். பழங்குடியினர் சமயத்துக்கு நேர்ந்தது நாளை வேறொரு சமயத்துக்கு நேராது என்று கூற எவரால் முடியும்?

*நம் நாட்டில்*

இந்தியாவில் பொது நூலகங்கள் வடிகட்டி வைத்தே தீர வேண்டும் என்று கட்டளையிடும் அமெரிக்கச் சட்டம் போன்ற ஒன்று இல்லை. நூலகச் சட்டத்தில் நம் மாநிலம் முன்னோடி. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சொத்து வரியோடு நாம் நூலக வரியும் செலுத்தி வருவது அதன்படியே. இணையம் பற்றி அக்காலத்தில் எவரும் கனவும் கண்டிருக்க முடியாது. நெருங்கி வருவது, கட்டணம் வாங்கி இணையம் காட்டும் கடைகளுக்காக மத்திய அரசு 2011இல் வெளியிட்ட விதிகளாகும். தடுப்பு அறையின் உயரம் நாலரை அடியைத் தாண்டக் கூடாது, அறைக்கு வெளியே உள்ள கணினிகளின் திரை பொது இடத்தை நோக்கி இருக்க வேண்டும், வடிகட்டும் மென்பொருள் பொருத்தப்படலாம் என்றெல்லாம் அவ்விதிகள் கூறின. திரையைத் திருப்பி வைக்கும் யோசனை எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. கடைக்கு எழுதிய விதியைப் படிப்பகத்தில் நடைமுறைப்படுத்தினேன்.

நம் நாட்டு வழக்குகள் நூலக வாசலில் எழவில்லை. அதைவிடப் பெரிய வாசல்களில் எழுந்தன. 2012இல் ‘3’ என்ற தமிழ்ப்படமும் ‘தம்மு’ என்ற தெலுங்குப் படமும் திருட்டுத்தனமாக இணையத்தில் பரவாமல் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை பெறப்பட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் அந்த ஆணையைக் காரணம் காட்டி, ஒரு படத்தின் சுவடுகூட இல்லாத பக்கங்களையும் சேர்த்து, பல காணொளித் தளங்களை முழுமையாக மூடின. ஜூன் மாதத்தில் நீதிமன்றம் விளக்கம் அளித்தது. குறிப்பிட்ட முகவரிப் பக்கத்தைத்தான் தடுக்க வேண்டும். தளம் முழுவதையும் அன்று. 2015 ஜூலை 31 அன்று மத்திய அரசு 857 தளங்களை ஆபாசத்தின் பேரில் தடுத்தது. அவற்றில் நகைச்சுவைத் தளங்களும் அகப்பட்டுக் கொண்டன. சில நாட்களிலேயே அந்த ஆணை தளர்த்தப்பட்டது.

2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பு இவ்வகையில் தலையாயது. இணையதளங்களை முடக்க அரசுக்கு இருக்கும் அதிகாரத்தை நீதிமன்றம் நீக்கவில்லை. ஆனால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியைச் சுட்டிக் காட்டி, பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து நீதிமன்றம் வர இயலும் என்றது. பூட்டுகிறவர்தான் காரணம் எழுத வேண்டும். திறக்கச் சொல்பவர் அன்று. லௌடன் நூலகத்திலும் எங்கள் படிப்பகத்திலும் நடந்தது இதற்கு நேர்மாறு.

நம் மாவட்டத்துக்குரிய நீதிமன்றமான மதுரைக் கிளையும் இச்சிக்கலில் இறங்கியது உண்டு. 2019 ஏப்ரல் 3 அன்று, சிறுவர்களின் நலனை முன்னிட்டு டிக்டாக் செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. பல பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். நானும் அவர்களில் ஒருவன். ஆனால் ஏப்ரல் 24 அன்று, வாதங்களைக் கேட்டபின், அதே நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. (2020 ஜூனில் மத்திய அரசு அதைத் தடை செய்தது வேறு காரணத்துக்காக.) 2025 டிசம்பரில் மீண்டும் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவில் உள்ளது போல் சிறுவர்களுக்கான சட்டம் ஒன்றை மத்திய அரசு ஆராயலாம் என்று யோசனை கூறியது. பெற்றோரின் கவலையை நீதிபதிகளும் உணர்கிறார்கள் என்பதற்கு இவை சான்று. ஆனால் இவை யாவும் சிறுவர்களைப் பற்றியவை. என்னுடைய பூட்டில் சிக்கியவள் வயது வந்த பெண்.

*கோழிக்கோட்டு மாணவி*

அவளைப் போன்ற ஒரு பெண்ணின் வழக்கு நம் அண்டை மாநிலத்தில் நடந்தது. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் உள்ள ஸ்ரீ நாராயண குரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து வந்த முஸ்லிம் மாணவி ஃபஹீமா ஷிரின். கல்லூரி விடுதியில் முதலில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கைப்பேசிக்குத் தடை இருந்தது. 2019 ஜூனில் அது மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை என்று மாற்றப்பட்டது. படிக்கும் நேரமே அதுதான். இளங்கலை மாணவியருக்கு மடிக்கணினியும் கூடாது. ஃபஹீமா மறுத்தார். விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். தகப்பனார் மகளின் பக்கம் நின்றார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மகள் கேரள உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார்.

பெற்றோர்கள் கேட்டுக் கொண்டதால்தான் கட்டுப்பாடு விதித்தோம் என்று எதிர்த்தரப்பு கூறியது. அந்த வாக்கியத்தைப் படித்தபோது எங்கள் நிர்வாகக் குழுவின் குரல் என் காதில் ஒலித்தது. 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையின் ஒரு பகுதி. அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு காக்கும் அந்தரங்க உரிமையின் ஒரு பகுதியும் ஆகும் என்றார். ஒழுங்கு தேவைதான், ஆனால் வயது வந்த ஒரு மாணவி தன் அறிவைப் பெருக்கிக் கொள்ளும் வழியை அடைத்து அந்த ஒழுங்கை நிலைநாட்ட முடியாது என்பது தீர்ப்பின் போக்கு. மாணவியை மீண்டும் விடுதியில் சேர்க்குமாறு ஆணையிட்டார்.

கல்வியும் அந்தரங்கமும் என்று நீதிபதி இரண்டையும் சேர்த்துச் சொன்னதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எங்கள் படிப்பகத்தில் அப்பெண் ஒரே கணத்தில் இரண்டையும் இழந்தாள். தேடிய விடை கிடைக்கவில்லை. தேடினாள் என்பது மட்டும் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

*படிப்பகத்தில் செய்த மாற்றங்கள்*

நிர்வாகக் குழுவைக் கூட்டி நடந்ததைச் சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை. 43 சொற்கள் எழுதிய தாளை அவர்கள் முன் வைத்தேன். பெரியவர் ஒருவர் வடிகட்டியை முற்றிலும் நீக்குவதற்கு ஒப்பவில்லை. “ஒரு பெண்ணுக்காக நூறு பையன்களைத் திறந்துவிடுவதா?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. லிவர்மோர் தாயை நினைத்துக் கொண்டு பேசாமல் இருந்தேன். வாதம் மூன்று கூட்டங்கள் நீடித்தது. இறுதியில் எவருக்கும் முழுத் திருப்தி இல்லாத ஒரு முடிவுக்கு வந்தோம்.

சிறுவர்கள் அமரும் இரண்டு கணினிகளில் நிறுவனத்தின் ஆபாச வகைத் தடை மட்டும் நீடிக்கிறது. என்னுடைய சொற்பட்டியல் நீக்கப்பட்டது. பெரியவர்களுக்கான இரண்டு கணினிகளிலும் அதே தடை இருந்தாலும், கேட்டவுடன் நீக்கித் தரப்படும். காரணம் கேட்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். எந்தெந்த வகைகள் தடுக்கப்படுகின்றன என்ற விவரம் வாசலில் தமிழில் தொங்குகிறது. சிவப்புத் திரையை மாற்றி, “இப்பக்கம் இங்கே திறக்கவில்லை, வேண்டுமெனில் பொறுப்பாளரிடம் கேளுங்கள்” என்று சிறிய கறுப்பு எழுத்துகளில் அமைத்தோம். பெரியவர்களின் கணினித் திரைகளைச் சுவர்ப்பக்கம் திருப்பினோம். இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். இன்றும் ஒரு சகோதரர் என்னைக் காணும்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. பெண்கள் நேரத்தில் எனக்கு அங்கே வேலை கிடையாது. மஹல்லாவைச் சேர்ந்த ஓர் ஆலிமாவிடம் கடவுச்சொல் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவர் இல்லாத நாளுக்காக மற்றொரு சகோதரியிடமும் அது உண்டு. சாவி இரண்டு.

அந்தப் பெண் சிகிச்சை பெற்று நலமாக இருக்கிறாள், பட்டப்படிப்பையும் முடித்துவிட்டாள். படிப்பகத்துக்கு மட்டும் அவள் திரும்பி வரவில்லை. அவளுடைய தங்கை வருகிறாள் என்று ஆலிமா சொன்னார். சென்ற மாதம் பெண்கள் நேரத்தில் திறந்து கொடுத்த பக்கங்கள் 11 என்று அவருடைய குறிப்பேட்டில் எழுதியிருந்தது. யாருக்கு, எதற்கு என்று அதில் எழுதுவதில்லை.